ஆங்கில லூட் பாடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஐரோப்பிய இசையை இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில் சொல்பவன் இசைப் பேராசிரியர் இல்லை, பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு ரசிகன். அதனால் சில பதில்கள் நீளும், சில ஒரு வரியில் முடியும்.

சுருக்கமாக, லூட் பாடல் என்றால் என்ன?

ஒருவர் பாடுகிறார், அவரோ, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவரோ லூட் வாசிக்கிறார். அவ்வளவுதான். முதலாம் எலிசபெத் ராணியின் கடைசி ஆண்டுகளிலும், அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் மன்னர் காலத்திலும் லண்டனில் இப்படிப்பட்ட பாடல்கள் புத்தகமாக அச்சாகின. அன்றைக்கு இதற்கு 'ஏர்' என்று பெயர். (உழவு ஏர் இல்லை, காற்றைக் குறிக்கும் அதே ஆங்கிலச் சொல்தான் பாட்டையும் குறித்தது.) முதல் புத்தகம் 1597இல் வந்தது, கடைசிப் புத்தகம் 1622இல். இடையில் சுமார் 30 புத்தகங்கள். ஒரு தலைமுறைக்குள் பிறந்து, உச்சிக்குப் போய், முடிந்தும் போன கலை இது. பத்துப் பேர் உட்காரும் அறைக்காக எழுதப்பட்டது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

லூட் என்பது யாழா, வீணையா?

இரண்டும் இல்லை. மொழிபெயர்ப்புகளில் 'யாழ்' என்று போட்டுவிடுகிறார்கள். கேட்க அழகாக இருக்கும், ஆனால் யாழுக்குத் தண்டியும் கிடையாது, தண்டியின் மேல் விரல் வைக்கும் மெட்டும் கிடையாது. லூட் அரபு நாட்டு 'ஊத்' வாத்தியத்தின் வழியில் வந்தது. 'அல் ஊத்' என்பதுதான் தேய்ந்து 'லூட்' ஆயிற்று.

பாதியாக வெட்டிய பேரிக்காய் மாதிரி ஒரு குடம். மெல்லிய மரப் பட்டைகளை வளைத்து ஒட்டிச் செய்வது. முழு வாத்தியமும் ஒரு கிலோ எடைகூட இருக்காது. பிருடைகள் இருக்கும் தலைப்பகுதி பின்பக்கமாக மடங்கியிருக்கும். தந்திகள் உலோகம் இல்லை, ஆட்டுக் குடலில் திரித்த நரம்பு. மேல் தந்தி ஒற்றை. மற்றவை பெரும்பாலும் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்தவை. 16ஆம் நூற்றாண்டில் ஆறு ஜோடி என்பது வழக்கம். இந்தப் பாடல்களில் பெரிய பெயரான ஜான் டௌலண்டின் காலத்தில் ஏழு, எட்டு, ஒன்பது என்று கீழ் ஸ்வரங்களுக்காகக் கூட்டிக்கொண்டே போனார்கள். மெட்டுகளும் நரம்புதான், தண்டியைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். வேண்டுமானால் நகர்த்திக்கொள்ளலாம். ஈரக் காற்று பட்டால் சுருதி போய்விடும். சத்தமும் குறைவு. மீட்டுவது விரல் நுனியால். பாடுகிறவர் குரலை உயர்த்தினால் வாத்தியம் காணாமல் போகும். ஆகவே அவர் பேசுகிற குரலுக்குப் பக்கத்தில் நின்றே பாடியாக வேண்டும். இந்த வகைப் பாட்டின் குணத்தில் பாதி இந்தச் சின்னச் சத்தத்திலிருந்து வந்தது என்பேன்.

1597க்கு முன்னால் இங்கிலாந்தில் லூட்டோடு யாரும் பாடவில்லையா?

பாடினார்கள், நன்றாகவே பாடினார்கள். எட்டாம் ஹென்றியின் அவையில் இருந்த கவிஞர் தாமஸ் வயட், தன் லூட்டை விழிக்கச் சொல்லி ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். பிரான்சில் இந்த மாதிரிப் பாடல்கள் இதற்கு முன்பே அச்சிலும் வந்துவிட்டன. பாரிஸில் ஏட்ரியன் லெ ருவா வெளியிட்ட லூட் பயிற்சி நூல் 1568இலேயே ஆங்கிலத்துக்கு வந்தாயிற்று. உள்ளூரில் வில்லியம் பேர்ட், குரலுக்குத் துணையாக வயல் என்ற வில் வாத்தியங்களைச் சேர்த்துக் கனமான பாடல்கள் எழுதிக்கொண்டிருந்தார். தெருவில் ஒற்றைத் தாளில் அச்சடித்து விற்ற கதைப்பாடல்கள் வேறு. இல்லாமல் இருந்தது புத்தகம்தான்.

அப்படியானால் 1597இல் திடீரென்று என்ன நடந்தது?

ஒரு உரிமம் காலாவதியானது. 1575இல் எலிசபெத் ராணி, தாமஸ் டாலிஸ், வில்லியம் பேர்ட் என்ற இரண்டு இசைக்காரர்களுக்கு இசை அச்சிடும் ஏகபோக உரிமையை 21 ஆண்டுகளுக்குக் கொடுத்தார். டாலிஸ் 1585இல் இறந்தார். உரிமம் 1596இல் முடிந்தது. அடுத்து 1598இல்தான் தாமஸ் மார்லி என்ற இசையமைப்பாளர் அதை வாங்கினார். இந்த இடைவெளியில் கதவு திறந்து கிடந்தது.

முதலில் உள்ளே நுழைந்தவர் வில்லியம் பார்லி என்ற பதிப்பாளர். 1596இல் அவர் போட்ட லூட் புத்தகத்தில் ஜான் டௌலண்டின் உருப்படிகளும் இருந்தன. டௌலண்டைக் கேட்காமலே, தப்பும் தவறுமாக. டௌலண்ட் இதை வெளிப்படையாகவே குறை சொன்னார். மறு வருடம் அவரே தன் 'முதல் பாடல் புத்தகத்தை' பீட்டர் ஷார்ட் என்ற அச்சகக்காரரிடம் கொடுத்து வெளியிட்டார். 21 பாடல்கள், கடைசியில் ஒரே லூட்டை இரண்டு பேர் சேர்ந்து வாசிக்க ஒரு உருப்படி. புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. 1613க்குள் நான்கு முறையாவது மறுபதிப்பு கண்டிருக்கிறது. அன்றைய இசைப் புத்தகங்களில் இது அபூர்வம். அதன் பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் புத்தகத்தின் அமைப்பையே பின்பற்றினார்கள்.

மேஜையில் விரித்து வைத்துச் சுற்றி உட்கார்ந்து பாடுவார்களாமே, அது எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அதுவரை பல குரல் பாடல்களைக் குரலுக்கு ஒரு புத்தகமாகத் தனித்தனியே அச்சிட்டார்கள். நான்கு பேர் பாட நான்கு புத்தகம். ஒன்று தொலைந்தால் மீதி மூன்றும் வீண். டௌலண்டின் புத்தகம் பெரிய அளவு, ஆனால் ஒன்றே ஒன்று. திறந்தால் இடது பக்கத்தில் முதன்மைக் குரல்; அதன் கீழேயே லூட் வரி. வலது பக்கத்தில் மற்ற மூன்று குரல்கள், ஒவ்வொன்றும் ஒரு திசையைப் பார்த்து அச்சாகியிருக்கும். ஒன்று நேராக, ஒன்று பக்கவாட்டில், ஒன்று தலைகீழாக. முதல் தடவை பார்க்கிறவர் அச்சகத்தில் தாளைத் திருப்பி வைத்துவிட்டார்கள் என்றே நினைப்பார். மேஜையில் வைத்துச் சுற்றி நாற்காலி போட்டால்தான் விஷயம் விளங்கும்: அவரவர் உட்கார்ந்த இடத்திலிருந்து அவரவர் வரி நேராகத் தெரியும்.

வீட்டில் ஒரே ஆள் இருந்தால் இடது பக்கம் போதும். நான்கு பேர் இருந்தால் நான்கு குரலிலும் பாடலாம். பாட ஆள் குறைந்தால் கீழ்க் குரலை வயலில் வாசிக்கலாம். முதல் பக்கத்திலேயே இதைச் சொல்லித்தான் விற்றார்கள். வாங்குகிறவர் பெரிய குடும்பமாக இருந்தாலும், தனி ஆளாக இருந்தாலும் புத்தகம் பயன்படும். வியாபார மூளை என்றால் இது.

லூட் வரி எப்படி எழுதப்பட்டிருக்கும்? எனக்கு மேற்கத்திய ஸ்வரக் குறிப்பு படிக்கத் தெரியாது.

லூட்டுக்கு அது தேவையே இல்லை. ஆறு கோடுகள், ஒவ்வொரு கோடும் ஒரு தந்தி ஜோடி. கோட்டின் மேல் 'ஏ' என்ற எழுத்து இருந்தால் வெறும் தந்தி, 'பி' என்றால் முதல் மெட்டு, 'சி' என்றால் இரண்டாவது. தாளம் கோடுகளுக்கு மேலே கொடி கொடியாக இருக்கும். இதற்கு டேப்லேச்சர் என்று பெயர். இன்று கிடார் பழகுகிறவர்கள் இணையத்தில் தேடும் 'டேப்' இதன் பேரன். எந்த ஸ்வரம் என்பது தெரியாமலே எங்கே விரல் வைப்பது என்று தெரிந்துவிடும். லூட்டில் கொஞ்சம் கை பழகிய வியாபாரியோ வக்கீலோ டௌலண்ட் எழுதியதை வாத்தியார் இல்லாமலே வாசித்துவிடலாம் என்றால் அதற்கு இதுதான் காரணம்.

மாட்ரிகலும் இதே காலம்தானே? என்ன வேறுபாடு?

மாட்ரிகல் இத்தாலியிலிருந்து வந்த பல குரல் பாடல். 1588இல் இத்தாலியப் பாடல்கள் ஆங்கில வரிகளோடு ஒரு தொகுப்பாக வந்ததும் இங்கிலாந்தில் அது மோகமாகிவிட்டது. அதில் குரல்கள் ஒன்றை ஒன்று துரத்தும், ஒரே வரியை ஆளுக்கொரு நேரத்தில் பாடும். 'ஏறு' என்ற சொல் வந்தால் இசையும் ஏறும், 'பெருமூச்சு' வந்தால் இடையில் ஒரு மௌனம் வரும். ஏரில் பெரும்பாலும் ஒரு மெட்டு, அதே மெட்டில் மூன்று நான்கு சரணங்கள். சொல் தெளிவாகக் காதில் விழ வேண்டும்.

ஏர் எழுதிய தாமஸ் கேம்பியன், பிலிப் ராசெட்டர் இருவரும் 1601இல் சேர்ந்து வெளியிட்ட புத்தகத்தின் முன்னுரையில் இதைப் பற்றி ஒரு குத்தல் உண்டு. சொல்லுக்குச் சொல் இசையில் படம் காட்டுகிறவர்கள், பழைய நாடகத்தில் 'மெமினி' (எனக்கு நினைவிருக்கிறது) என்றதும் பிடரியைத் தொட்டுக் காட்டி, 'வீடியோ' (பார்க்கிறேன்) என்றதும் கண்ணில் விரலை வைக்கும் நடிகர்கள் மாதிரியாம். நம் மேடைகளிலும் பார்த்த காட்சிதான். கவிதையில் நறுக்கென்று நாலு வரிச் செய்யுள் எப்படியோ, இசையில் ஏர் அப்படி என்பதும் அதே முன்னுரையில் வரும் கருத்து.

ஜான் டௌலண்ட் யார்? அவ்வளவு பெரிய கலைஞருக்கு ஏன் ராணி வேலை கொடுக்கவில்லை?

1563இல் பிறந்தவர். இளம் வயதில் ஆங்கிலத் தூதரின் பரிவாரத்தில் பாரிஸ் போனார், அங்கே கத்தோலிக்கரானார் (இங்கிலாந்து அப்போது புராட்டஸ்டண்ட் நாடு). 1588இல் ஆக்ஸ்ஃபோர்டில் இசைப் பட்டம். 1594இல் அரசவை லூட் கலைஞர் ஒருவர் இறந்ததும் அந்த இடத்துக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. மதம்தான் காரணம் என்று அவர் நம்பினார். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. கத்தோலிக்கரான பேர்ட் அரசவைத் தேவாலயத்திலேயே இருந்தாரே! அந்த இடத்துக்கு அப்போது வேறு யாரையும்கூட நியமிக்கவில்லை. காசை மிச்சம் பிடித்திருக்கலாம்.

மனம் வெறுத்துக் கிளம்பினார். ஜெர்மனியில் இரண்டு அரசவைகள், பிறகு வெனிஸ், ஃபிளாரன்ஸ். ரோமில் மாரென்சியோ என்ற பெரிய இசையமைப்பாளரிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். ஃபிளாரன்ஸில் நாடு கடந்து வாழ்ந்த ஆங்கிலக் கத்தோலிக்கர்கள் சிலர் வலை வீசினார்கள். ராணிக்கு எதிரான சதிப் பேச்சு என்று புரிந்ததும் பயந்துபோனார். ரோமை மறந்துவிட்டுத் திரும்பி, 1595 நவம்பரில் நியூரம்பர்க்கிலிருந்து அமைச்சர் ராபர்ட் செசிலுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். நடந்ததை எல்லாம் ஒப்புவித்து, தனியாகப் போய் உட்கார்ந்து அழுததையும் அதில் சொல்லியிருக்கிறார். கண்ணீரை வைத்தே பெயர் வாங்கப்போகிறவர் எழுதிய கடிதம் என்று நினைத்துப் படித்தால் ஒரு மாதிரி இருக்கும்.

அரசவையில் அவருக்கு ஆதரவாக இருந்த ஹென்றி நோயல் என்பவர் ஊருக்கு வரச் சொன்னார், வந்தார், நோயல் 1597இல் இறந்துபோனார். மறுபடி வேலை இல்லை. சரி என்று 1598இல் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியானிடம் சேர்ந்தார். ஆண்டுக்கு 500 தாலர், அந்த அவையில் மிக உயர்ந்த சம்பளங்களில் ஒன்று. அங்கேயும் விடுப்பில் போனால் நேரத்துக்குத் திரும்ப மாட்டார், முன்பணமும் வாங்குவார். 1606இல் அனுப்பிவிட்டார்கள். இங்கிலாந்து அரசவையில் லூட் கலைஞர் பதவி கடைசியில் 1612இல் கிடைத்தது. வயது 49. 1626இல் இறந்தார்.

'ஃப்ளோ மை டியர்ஸ்' பாட்டுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

அது முதலில் பாட்டே இல்லை. 'லாக்ரிமே', அதாவது கண்ணீர், என்ற பெயரில் தனி லூட்டுக்காக எழுதிய பவான்: நிதானமாக நடந்து ஆடும் நடன வகை. அது ஐரோப்பா முழுக்கப் பரவிய பிறகு அதற்கு வரிகள் பொருந்தி, 1600இல் வந்த இரண்டாம் புத்தகத்தில் பாடலாயிற்று. "பாயுங்கள் கண்ணீரே, உங்கள் ஊற்றுகளிலிருந்து விழுங்கள்" என்று ஆரம்பம்.

அந்த முதல் வரியைக் காதால் பிடித்துப் பாருங்கள். மேல் ஸட்ஜத்தில் தொடங்கி ச நி த ப என்று நான்கு படி இறங்குகிறது. ஒரு துளி கன்னத்தில் வழிகிற மாதிரி. உடனே மேல் காந்தாரத்துக்கு ஒரு தாவல். அங்கிருந்து மறுபடி நான்கு படி: க ரி ச நி. முதல் இறக்கத்தில் வந்த நிஷாதம் கைசிகி, இந்த இரண்டாவது நிஷாதம் காகலி. ஒரே படி, அரை ஸ்வரம் உயர்ந்து நிற்கிறது. இறங்கி முடித்த இடம் தரையாக இல்லாமல், மேலே இழுக்கிற இடமாக இருக்கிறது. அழுகை முடியவில்லை என்பதை வரி இல்லாமலே சொல்லிவிடுகிறார். இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

டௌலண்டே இதை விடவில்லை. 1604இல் ஐந்து வயல்களும் லூட்டும் சேர்ந்து வாசிக்க, இதே நான்கு ஸ்வரத்தில் தொடங்கும் ஏழு பவான்களை 'ஏழு கண்ணீர்' என்று வெளியிட்டார். அந்தப் புத்தகத்தில் ஓர் உருப்படிக்கு 'செம்பெர் டௌலண்ட் செம்பெர் டோலன்ஸ்' என்று லத்தீன் பெயர்: எப்போதும் டௌலண்ட், எப்போதும் துயரம். சிலேடை பொருந்த வேண்டுமானால் அவர் பெயரை 'டோலண்ட்' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும் என்பவர்களும் உண்டு.

எல்லாம் அழுகைப் பாட்டுதானா?

இல்லை. சோகம் அன்று ஒரு நாகரிகம். கறுப்புப் பித்தம் மிகுந்தால் மனச்சோர்வு, மனச்சோர்வு உள்ளவன் ஆழமானவன் என்று ஒரு நம்பிக்கை. டிமத்தி பிரைட் என்ற மருத்துவர் 1586இல் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். பாடல்களும் அந்தக் காற்றைப் பிடித்தன. ஆனால் முதல் புத்தகத்தில் கணிசமான பாடல்கள் கலியார்ட் என்ற துள்ளல் நடன நடையில் இருக்கின்றன. ராணுவத்திலிருந்து வந்த கேப்டன் டோபியாஸ் ஹியூம் 1605இல் புகையிலைக்கு ஒரு பாட்டு எழுதினார், காதலைப் புகையிலையோடு ஒப்பிட்டு. லூட்டுக்கு வயல் ஒன்றும் சளைத்ததில்லை என்று அதே புத்தகத்தில் அவர் சொன்னது டௌலண்டுக்குப் பொறுக்கவில்லை. 1612இல் பதில் கொடுத்தார். ஏழு வருடம் மனத்தில் வைத்திருந்திருக்கிறார் மனுஷன்.

டௌலண்டைத் தவிர யாரைக் கேட்கலாம்?

கேம்பியனை. அவர் கவிஞர், மருத்துவர், இசையமைப்பாளர் மூன்றும். தன் பாட்டுக்குத் தானே வரி எழுதியவர், நூற்றுக்கு மேல் பாடல்கள். இத்தனைக்கும் ஆங்கிலக் கவிதைக்கு எதுகை தேவையில்லை என்று 1602இல் வாதம் செய்தவர். பாடல்களிலோ எதுகை துள்ளி விளையாடும்! டௌலண்டின் லூட் வரி ஒரு குரலாகவே பின்னிக்கொண்டு வரும். கேம்பியனுடையது ஓரமாக நின்று வரிக்கு வழிவிடும். கவிதை பிடிப்பவர்களுக்கு அவர்.

அப்புறம் ஜான் டேனியல், கவிஞர் சாமுவேல் டேனியலின் சகோதரர். 1606இல் ஒரே புத்தகம்தான் போட்டார். கணவனை இழந்த ஒரு பெண்ணின் துக்கத்தை மூன்று பகுதிப் பாடலாக எழுதியிருக்கிறார். டௌலண்டுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கத் தயங்க மாட்டேன். ராபர்ட் ஜோன்ஸ் ஐந்து புத்தகங்கள் போட்டார். நன்றாக இருப்பவை சில.

ஷேக்ஸ்பியருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் வரும் காதலன், காதலி பாட்டுக்கு மார்லி இசையமைத்து 1600இல் வெளியிட்டார். அந்தப் புத்தகத்தின் ஒரே ஒரு பிரதிதான் மிச்சம். 'தி டெம்பெஸ்ட்' பாடல்களுக்கு ராபர்ட் ஜான்சனின் இசை கிடைத்திருக்கிறது. 'தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ'வில் கேத்தரீனா வாத்தியார் தலையில் லூட்டை ஓங்கி அடிக்க, அவர் தலை அதற்குள் மாட்டிக்கொள்ளும். லூட் எவ்வளவு மெல்லிசு என்று தெரிந்தால் இன்னும் சிரிப்பு வரும்.

பாட்டு எழுதியவர்களுக்குப் பணம் வந்ததா?

இரண்டாம் புத்தகத்தின் கதை நீதிமன்றம் வரை போனதால் நமக்குத் தெரியும். டௌலண்ட் டென்மார்க்கில் இருந்தபோது அவர் மனைவி வழியாகக் கையெழுத்துப் பிரதி ஜார்ஜ் ஈஸ்ட்லண்ட் என்பவருக்கு 20 பவுண்டுக்கு விற்பனையானது. தாமஸ் ஈஸ்ட் அச்சடித்தார், 1,000 பிரதி. அச்சகத்துப் பையன்கள் கூடுதலாகச் சில பிரதிகளைக் கள்ளத்தனமாக அடித்துக்கொண்டார்கள், அதில்தான் வழக்கு. எழுதியவருக்கு விற்பனையில் பங்கு என்ற பேச்சே கிடையாது. யாருக்குப் புத்தகத்தை அர்ப்பணிக்கிறோமோ அந்தப் பிரபு கொடுக்கும் சன்மானம்தான் கூடுதல் வரும்படி. முன்னுரைகளில் அவ்வளவு பணிவு ஏன் என்று இப்போது புரியும்.

1622க்குப் பிறகு ஏன் நின்றுபோனது?

ஜான் ஆட்டி என்பவரின் புத்தகம்தான் கடைசி. நின்றதற்குக் காரணம் ஒன்றில்லை. அரசவையில் 'மாஸ்க்' என்ற ஆடம்பர நாடகங்கள் பெருகின; பெரிய மண்டபத்தில் கேட்க வேண்டுமென்றால் பாட்டு மேடைப் பேச்சு மாதிரி ஓங்கி ஒலிக்க வேண்டும். இத்தாலியிலிருந்து அந்தப் பாணியும் வந்துவிட்டது. டௌலண்டின் மகன் ராபர்ட் 1610இல் போட்ட தொகுப்பிலேயே இத்தாலியரான காச்சினியின் பாடல் இருக்கிறது. புதிய பாணியில் லூட்டுக்கு ஒவ்வொரு விரலையும் எழுத வேண்டாம். கீழ் ஸ்வரத்தை மட்டும் கொடுத்தால் வாசிப்பவர் தானே நிரப்பிக்கொள்வார், நீண்ட கழுத்துள்ள தியார்போ வாத்தியத்தில். டேப்லேச்சர் அச்சிடும் தொல்லையும் மிச்சம். 1612இல் வந்த தன் கடைசிப் புத்தகத்தின் முன்னுரையில் டௌலண்ட் புலம்பியிருக்கிறார்: இன்றைய பாடகர்களுக்கு அடிப்படை தெரியவில்லை, வெறும் சங்கதி போடுகிறார்கள், இளம் லூட் வாத்தியார்கள் மூத்தவர்களை மட்டம் தட்டுகிறார்கள். எந்த ஊர், எந்த நூற்றாண்டு என்று சொல்லாமல் படித்தால் நம் சபாவில் நேற்றுக் கேட்ட பேச்சு.

இன்றைக்கு நாம் கேட்கும்படி எப்படித் திரும்பி வந்தது?

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆர்னல்ட் டோல்மெச் பழைய வாத்தியங்களைச் செய்ய ஆரம்பித்தார். 1920களில் எட்மண்ட் ஃபெல்லோஸ் என்ற பாதிரியார் பாடல்களைப் புத்தகம் புத்தகமாகப் பதிப்பித்தார். பிறகு ஆல்ஃபிரட் டெல்லரின் உச்சக் குரல், பீட்டர் பியர்ஸ் பாட ஜூலியன் பிரீம் லூட் வாசித்த பதிவுகள், எம்மா கிர்க்பியும் ஆன்டனி ரூலியும். 2006இல் ராக் பாடகர் ஸ்டிங் ஒரு முழு ஆல்பம் போட்டார். நியூரம்பர்க் கடிதத்தையும் இடையிடையே வாசித்திருக்கிறார். பயிற்சி பெற்ற குரல் இல்லை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கரகரப்பு பிடிக்கும்.

சரி, முதலில் எதைக் கேட்பது?

'கம் அகெய்ன்', 1597. காதலியைத் திரும்ப அழைக்கிற பாட்டு. நடுவில் பார்க்க, கேட்க, தொட, முத்தமிட, சாக என்று ஐந்து வினைகள் வரும். ஒவ்வொன்றும் முந்தையதை விட ஒரு படி மேலே. 'சாக' என்பதற்கு அன்று இன்னொரு அர்த்தமும் உண்டு, சிரித்துக்கொண்டே பாடியிருப்பார்கள். அடுத்து 'ஃப்ளோ மை டியர்ஸ்'. கேம்பியனில் ஏதாவது இரண்டு.

கடைசியாக, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, 'இன் டார்க்னஸ் லெட் மி ட்வெல்', 1610. இருட்டிலேயே இருக்கவிடுங்கள் என்று ஆரம்பிக்கிறது. பாட்டு முடியப்போகிறது என்று நினைக்கும்போது அதே முதல் வரி திரும்ப வரும். பாதி வழியில் லூட் நிறுத்திவிடும். குரல் மட்டும் ஒரு ஸ்வரத்தில் நிற்கும், அதுவும் ஸட்ஜத்துக்கு வந்து சேராது.